கோயில் கூரையில் ஒரு துரை

காம்பாரில் ரயிலேறிய பிரயாணி, ஈயம் தோண்டிய பள்ளங்கள் நீர் நிரம்பிக் குளங்களாய்க் கிடப்பதையும், கிந்தா சமவெளியின் சுண்ணாம்புக் குன்றுகள் திடுமென எழுந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டே வந்து ஈப்போவில் இறங்கும்போது, தாம் வந்து சேர்ந்தது ரயில் நிலையமா அல்லது ஒரு நவாபின் அரண்மனையா என்று கணநேரம் மயங்கினால் ஆச்சரியமில்லை. ஊரார் அதைத் தாஜ்மகால் என்றே செல்லமாய்ச் சொல்வர். ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்து, 1917-இல் கட்டி முடிந்த அந்த வெண்ணிற மாளிகை, சென்னை உயர் நீதிமன்றத்தைக் கண்டவர்களுக்கு அந்நியமாய்த் தோன்றாது. ஐரோப்பிய அலுவலகத்துக்கு மொகலாயக் குவிமாடம் சூட்டும் அந்த விசித்திரக் கலையை இந்தியாவில் பழகிக்கொண்ட வெள்ளையர், கீழ்த்திசையெல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தினால் போலும், மலாய் நாட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நிலையத்தை விட்டுச் சற்று நடந்தால் 1909-இல் எழுப்பிய மணிக்கூண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெஸிடெண்டாக வந்து, 1875-இல் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் ஈட்டியால் குத்துண்டு மாண்ட பர்ச் துரையின் ஞாபகார்த்தம் அது. மோசஸ், புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் என்று உலக நாகரிகத்தை வளர்த்த 44 பேரின் உருவங்கள் அதன் சுவரில் சுற்றி வருகின்றன. கிழக்கும் மேற்கும் சமமாய் நிற்கும் காட்சிதான். ஆனால் எவருக்கு ஸ்தானம் தருவது என்று தீர்மானித்த கை ஒரு பக்கத்துக் கையே என்பதையும் கவனிக்க வேண்டும். காலம் திரும்பியது, அக்கொலைக்காக 1877-இல் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயரையே இன்று அந்த மணிக்கூண்டு நிற்கும் சாலை தாங்கியிருக்கிறது.

இடையே ஹைனான் சீனர்கள் கைபழக்கிய வெள்ளைக் காப்பியை அருந்தாமல் வரலாகாது. வெள்ளை என்பது பாலைக் குறித்ததல்ல, மார்ஜரின் சேர்த்துக் கருகாமல் வறுக்கும் பக்குவத்தைக் குறித்தது.

திரும்பும் வழியில் பத்து காஜாவில் இறங்கி, கோப்பேங் சாலையில் சென்றால், வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை 1915-இல் ஆரம்பித்த பெரிய மாளிகை செங்கல் தெரிய நிற்கும். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியவர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களே. வேலை நடக்கையில் விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். அம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று எஞ்சியவர்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். மாளிகைக்கு அருகிலேயே இருக்கிறது அந்த மாரியம்மன் கோயில். தீபாராதனை முடிந்து வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு, கூரையில், சுதைத் தெய்வங்களின் வரிசையில், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாய் ஒருவர் நிற்பது தெரியும். பால்மரக் காட்டில் கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி வாழ்ந்த ஜனங்கள், தங்கள் சொந்தக் கோயிலில், தங்கள் இஷ்டப்படி, துரைக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள்; எனக்கு ஈப்போ மணிக்கூண்டைவிட இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

மாளிகையோ முடியவில்லை. 1926-இல், அதற்கென மின்தூக்கி வாங்கப் போன இடத்தில், லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு கெல்லி ஸ்மித் காலமானார். மின்தூக்கிக்காக விட்ட குழி இன்றும் வெறுமையாக இருக்கிறது.