ஸ்கேனில் ‘கிரேடு 2’ என்றால் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

முழு உடல் பரிசோதனைக்குப் போய் வந்தவரின் ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்ற வரி இருந்தால், வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, கல்லீரலே போய்விட்டது என்ற பீதி. அன்று இரவே கூகுளில் சிரோசிஸ் வரை தேடிப் பார்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால், “இது இப்ப எல்லாருக்கும்தான் இருக்கு” என்று அறிக்கையை ஃபைலில் செருகி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அந்த 1, 2, 3 என்ற எண்ணை நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதன் அளவாக எடுத்துக்கொள்கிறோம். அது அந்த அளவு அல்ல. கல்லீரலின் எதிர்காலத்தைச் சொல்லும் எண் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதே ஃபைலில், யாரும் கணக்கிடாமல்.

அந்த எண் எதை அளக்கிறது?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு படிந்த கல்லீரல் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் கிரேடு 1. கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கலாகிவிட்டால் கிரேடு 2. உதரவிதானமும் கல்லீரலின் பின்பகுதியும் தெரியாத அளவுக்கு வெளுத்துவிட்டால் கிரேடு 3. திரையில் தெரியும் வெளுப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு இது. ஒரே கல்லீரலை ஒரு ஸ்கேன் சென்டரில் கிரேடு 1 என்பார்கள், இன்னொன்றில் கிரேடு 2 என்பார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கொழுப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும்வரை இந்த ஸ்கேன் அதை நம்பகமாகக் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஸ்கேன் அறிக்கையில் கிரேடைவிட மற்ற வரிகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கல்லீரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கிறது, உள்ளமைப்பு சொரசொரப்பாக இருக்கிறது, மண்ணீரல் பெருத்திருக்கிறது, போர்ட்டல் சிரை விரிந்திருக்கிறது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று ஏதாவது எழுதியிருந்தால், கிரேடு எதுவாக இருந்தாலும் உடனே கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதே அறிக்கையில் சாதாரண நீர்க்கட்டி, ஹீமாஞ்சியோமா (ரத்தக்குழாய்க் கட்டி) என்ற சொற்கள் பலரை நடுங்க வைக்கின்றன. இவை பெரும்பாலும் பிறவியிலிருந்தோ நெடுநாளாகவோ இருந்து தற்செயலாகக் கண்ணில் பட்டவை, ஆபத்தில்லாதவை. ஆனால் ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்கும் சிரோசிஸ் உள்ளவர்களுக்கும் இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்களின் கல்லீரலில் தெரியும் எந்தக் கட்டியையும் இன்னதென்று உறுதி செய்யாமல் விடக் கூடாது.

தழும்புதான் கேள்வி

கொழுப்பு படிந்த கல்லீரல் சிலருக்கு அழற்சி அடைகிறது. அழற்சி ஆறும் இடங்களில் தழும்புத் திசு உருவாகிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். எஃப் 0 முதல் எஃப் 4 வரை பிரிக்கிறார்கள், எஃப் 4 என்பது சிரோசிஸ். அமெரிக்கா, ஐரோப்பா, தாய்லாந்து ஆகிய இடங்களைச் சேர்ந்த 619 நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பரிசோதித்து, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. கொழுப்பின் அளவு, அழற்சி, தழும்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது, மரணத்தையும் கல்லீரல் மாற்று சிகிச்சையையும் முன்கூட்டிச் சொன்னது தழும்பின் நிலை மட்டுமே.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் உள்ள கொழுப்பு குறைந்துகொண்டே போகலாம். கிரேடு 3 பிறகு கிரேடு 1 ஆகத் தெரிய, வீட்டில் இனிப்பு வழங்கும் நேரத்தில் நோய் முற்றிக்கொண்டிருக்கலாம். கிரேடு 3 உள்ள பலருக்குத் தழும்பே இருப்பதில்லை. கிரேடு 1 உள்ள சிலருக்கு எஃப் 3 இருக்கிறது. கிரேடைப் பார்த்துப் பயப்படுவதும் நிம்மதியடைவதும் சம அளவில் தவறாகப் போவது இதனால்தான்.

கையிலிருக்கும் ரத்த அறிக்கையில் ஒரு கணக்கு

தழும்பைக் கண்டுபிடிக்க ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும் என்பது பழைய நிலை. இப்போது முதல் படி ஃபிப்-4 என்ற கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவால் பெருக்க வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி, எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதியின் அளவுக்குரிய வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் ஃபிப்-4. வயது 48, எஸ்.ஜி.ஓ.டி. 42, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். 48 பெருக்கல் 42, 2016. 64இன் வர்க்கமூலம் 8. 210 பெருக்கல் 8, 1680. வகுத்தால் 1.2. இது 1.3க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொருவருக்கு வயது 60, எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணுக்கள் 1,30,000. விடை 3.8. கிரேடு 1 என்று ஸ்கேன் சொன்னாலும் இவர் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டியவர், ஏனெனில் 2.67ஐத் தாண்டினாலே முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு எளிய கணக்கை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. இந்தக் கணக்கு ஆபத்தில்லாதவர்களைப் பிரித்தெடுப்பதில் கெட்டி. நோயை உறுதி செய்வதில் அவ்வளவு இல்லை. 35 வயதுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. 65ஐத் தாண்டியவர்களுக்கு 1.3க்குப் பதில் 2 என்ற வரம்பை வைக்க வேண்டும். டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக் கிடக்கும் வாரத்து அறிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் யாருக்கும் சிரோசிஸ் வந்துவிடும். கணக்கு இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் விழுபவர்களுக்கு அடுத்த படி ஃபைப்ரோஸ்கேன். விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை வைத்து, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளப்பார்கள். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பொதுவாக நிம்மதி. மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்துவிட்டுப் போக வேண்டும். சாப்பிட்டவுடன் போனால் அளவு கூடுதலாகக் காட்டும்.

‘நான் குடிப்பதில்லை, குண்டும் இல்லை’

இந்த ஆட்சேபத்தைச் சொல்லாதவர் குறைவு. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஃபேட்டி லிவர் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேரின் பி.எம்.ஐ. 25க்குக் கீழேதான் இருந்தது. நம்மவர்கள் ஒல்லியான கை கால்களோடு வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் உடல்வாகு உடையவர்கள். ஆகவே எடை மெஷினைவிட இஞ்ச் டேப் உண்மை பேசும். தொப்புளை ஒட்டிய சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் கவனிக்க வேண்டும். கூடவே சர்க்கரை நோயும் இருந்தால், ஸ்கேனில் கிரேடு எதுவானாலும் ஃபிப்-4 கணக்கிட்டே ஆக வேண்டும். குடிப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கொழுப்போடு மதுவும் சேர்ந்தால் தழும்பு வேகமாக வளரும், ‘எப்பவாவதுதான்’ என்பதற்குத் தனிச் சலுகை இல்லை.

எண்ணெயை நிறுத்தினால் போதுமா?

கொழுப்புக் கல்லீரல் என்றதும் நெய்யையும் முட்டையின் மஞ்சள் கருவையும் ஒதுக்கிவைக்கிறோம். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரலில் தேங்கிய கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடித்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் சிலர்தான், ஆனாலும் முடிவு தெளிவு: ஏறத்தாழ 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது, 26 விழுக்காடு மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரலே தயாரித்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 விழுக்காடுதான். காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் மறுபடி தோசை என்று போகும் நாளில் எண்ணெயை மட்டும் குறைத்து என்ன பயன்? நாலு வேளை டீயில் வேளைக்கு இரண்டு ஸ்பூன் போட்டாலே சர்க்கரை ஏறக்குறைய 40 கிராம் ஆகிவிடுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். சர்க்கரை இல்லாத காபியைக் கல்லீரல் மருத்துவர்கள் தடுப்பதில்லை. காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன, ஆனால் காபிதான் காரணம் என்று அவை நிறுவவில்லை.

எவ்வளவு எடை குறைய வேண்டும்?

கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. உணவும் நடைப்பயிற்சியுமாக எடையில் 10 விழுக்காடு குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி மறைந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. தழும்பு மாறாது என்ற நம்பிக்கையை உடைத்த முடிவு இது. ஆனால் அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். இதைக் காட்டி ‘நடக்காத காரியம்’ என்பவர்கள் மறந்துவிடுவது, 5 விழுக்காடு குறைந்தாலே கொழுப்பு கணிசமாக இறங்கும் என்பதை. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோ. ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடே போதுமானது. எடை மெஷின் அசையாவிட்டாலும், வாரத்துக்கு 150 நிமிட வேக நடை கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். பட்டினி கிடந்து மாதத்தில் பத்து கிலோ இறக்குவது பித்தப்பைக் கல்லைக் கூட்டிவரும்.

கல்லீரலைக் ‘கழுவும்’ பானங்கள்

மூலிகைதானே, தீங்கு என்ன என்று கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் கஷாயம் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். கீழாநெல்லிக்கு மஞ்சள் காமாலையில் நல்ல பெயர் உண்டு. ஆனால் நாம் அதிகம் காணும் வைரஸ் காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஆறுவது. தழும்பைக் குறைக்கும் வேலையைக் கீழாநெல்லியிடம் ஒப்படைக்க ஆதாரமில்லை. கடையில் கிடைக்கும் லிவர் டானிக்குகளுக்கும் இதே பதில்தான். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு: கல்லீரல் கெட்டுவிடும் என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடுவது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் மாரடைப்பு உள்ளிட்ட இதயநோய். ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரைகள் இவர்களுக்குப் பாதுகாப்பானவை என்பது நன்கு நிறுவப்பட்டது.

மருந்தும் மறு ஸ்கேனும்

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கும், 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைடு ஊசிக்கும் இந்த நோய்க்காக அனுமதி தந்தது. இரண்டும் நடுத்தரம் முதல் முற்றிய தழும்புவரை உள்ள, சிரோசிஸ் வராத நோயாளிகளுக்கானவை. மருந்தைத் தீர்மானிப்பதும் கிரேடு அல்ல, தழும்புதான். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து கிரேடு இறங்கிவிட்டதா என்று பார்ப்பது பணச்செலவு மட்டுமே. ஃபிப்-4 குறைவாக இருந்து, சர்க்கரை நோயும் இல்லையென்றால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும். சர்க்கரை நோய் இருந்தால் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை. சிரோசிஸ் உறுதியானவர்களுக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் அவசியமாகிறது. அங்கே ஸ்கேன் கொழுப்பைத் தேடுவதில்லை. சிகிச்சைக்கு இடம் தரும் அளவில் சிறிதாக இருக்கும்போதே புற்றுக்கட்டியைப் பிடிக்கப் பார்க்கிறது.