அணுவளவுப் படலமும் ஆராய்ச்சி நிதியும்

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், விதுராவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு நடைபெறும் துறைகளில் ஒன்று இரு பரிமாண நானோ பொருள்கள்.

இவ்வகைப் பொருளான மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஓரடுக்குப் படலம் ஒரு நானோமீட்டர் தடிமன்கூட இல்லாதது. உலையில் கந்தக ஆவியின் அளவு சற்றுப் பிசகினாலும் படலம் சீராக வளராது. அதைச் சரிசெய்வதிலேயே மாதங்கள் கழியும்.

அத்தகைய இளநிலை ஆய்வாளருக்கான மத்திய அரசின் மாத உதவித்தொகை 2023-இல் ரூ.31 ஆயிரத்திலிருந்து ரூ.37 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் ரூ.50 ஆயிரம் கோடி திரட்டுவது இலக்கு, அதில் ரூ.36 ஆயிரம் கோடியைத் தொழில் துறை உள்ளிட்ட அரசு சாராத் தரப்பினர் தர வேண்டும்.

உடனடி லாபம் தராத அடிப்படை ஆய்வுக்குத் தனியார் முன்வரத் தவறினால், அப்பொறுப்பு அரசையே சேரும்.