குதிரைவாலி: இயந்திரம் வாங்கும் முன்

மல்லாங்கிணறு கரிசலில் மானாவாரியாக விளையும் குதிரைவாலியை அரிசியாக்கி விற்க நினைக்கிறீர்களா? இயந்திரத்துக்கு இப்போதே முன்பணம் கட்டாதீர்கள்.

நன்கு காயவைத்த 2 மூட்டையை வாடகை ஆலையில் அரையுங்கள். கல், உமி, குருணை போக எத்தனை கிலோ அரிசி தேறுகிறது என எடை போடுங்கள். அடக்கவிலை அதில்தான் தெரியும்.

தவிட்டில் எண்ணெய் உண்டு. உமி நீக்கிய அரிசி நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். எனவே தானியமாகவே இருப்பு வைத்து, ஆர்டர் வந்தபின் அரையுங்கள்.

விற்பனை பிடிபட்டதும் கடன். பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். பலர் சறுக்குவது இங்கேதான்: மானியம் கைக்கு வராது. 3 ஆண்டு தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். திட்டத்தின் தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.