புல்லுக்குளக் கரை: அன்றும் இன்றும்

புத்தளத்துத் தில்லையடியில் எங்கள் தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் காதால் கேட்டுப் பழகிய ஊர். சோனகத் தெரு, ஐந்து சந்தி, முற்றவெளி, பெரியகடை என்று பெயர்கள் எல்லாம் அத்துப்படி. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு புத்தளம் மண்ணில் வந்திறங்கிய யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்கே நடு வயதாகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள் இந்த உப்புக் காற்றிலேயே வளர்ந்து, இங்கேயே கலியாணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கு யாழ்ப்பாணம் உம்மும்மாவின் ஊர், அவ்வளவுதான்.

போன விடுமுறைக்கு என் பிள்ளைகள் பார்க்கக் கேட்டது புல்லுக்குளக் கரையில் எழுந்திருக்கும் பண்பாட்டு மையத்தை. போனில் வீடியோ பார்த்திருக்கிறார்கள். எழுபது வயது உம்மா கேட்டது சுப்பிரமணியம் பூங்காவை. இரண்டுக்கும் இடையில் நடந்து போகிற தூரம்தான். கொழும்பிலிருந்து புத்தளம் வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் ஏறினோம்.

யாழ்ப்பாணம் போகாதவர்களுக்கு அந்த வட்டாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டை கடலோரமாக. அதற்கு முன்னால் முற்றவெளி. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு பக்கம், வீரசிங்கம் மண்டபமும் துரையப்பா விளையாட்டரங்கும் இன்னொரு பக்கம். நடுநாயகமாக வெள்ளைவெளேரென்று பொது நூலகம். பஸ் நிலையத்தை ஒட்டினாற்போல் புல்லுக்குளம். அரை மணி நேரம் நடந்தால் நான்கு நூற்றாண்டைச் சுற்றி வந்துவிடலாம். யாழ்ப்பாணத்தார் கூடிப் பேசவும், காற்று வாங்கவும், வாசிக்கவும், கூட்டம் போடவும் போன இடமெல்லாம் இதற்குள்தான்.

உம்மாவின் வாப்பா தையற்காரர். பெரியகடைப் பக்கம் கடை. கடை பூட்டிய பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவாராம். ஊஞ்சல், கச்சான் சுருள், பிறகு முற்றவெளியில் கடல் காற்று. 1967இல் நூலகத்தில் சிறுவர் பகுதி தொடங்கியபோது உம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. பெண்பிள்ளைகள் தனியே வெளியே போகாத வீடு எங்களுடையது. ஆனால் நூலகத்துக்கு என்றால் அவரே கையைப் பிடித்துக் கூட்டிப் போவாராம். அந்த நூலகக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. அதற்கு முன், 1955இல், யாழ். மாநகர மேயராக இருந்தவர் எம். எம். சுல்தான், எங்கள் சமூகத்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர். இவற்றை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த நகரத்தின் பொதுக் காரியங்களில் எங்கள் கையும் இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதே வட்டாரம்தான் நகரத்தின் அத்தனை அடியையும் முதலில் வாங்கியது. 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் உயிர்கள் போனது வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால். 1981 மே 31 இரவு நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 97,000 புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்தத் தீ எங்கள் சோனகத் தெருவிலும் ஒப்பாரியாகத்தான் கேட்டது. பிறகு 1990 ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகை. உள்ளே இராணுவம், வெளியே புலிகள், மேலே விமானம். இராணுவம் கோட்டையை விட்டு வெளியேறியபோது சுற்றுப்புறத்தில் முழுசாக நின்ற கட்டடங்கள் குறைவு.

அதற்கு ஐந்து கிழமைக்குள் எங்கள் முறை வந்தது. ஒக்டோபர் 30 காலை, ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது புலிகளின் கட்டளை. நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவிலிருந்தும் துரத்தப்பட்டவர்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் லொறியிலும் நடையிலுமாக வவுனியா வந்து, புத்தளம் வந்து, தில்லையடியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்குள் ஒடுங்கினோம். முதல் நாட்களில் எங்களுக்குச் சோறு ஆக்கித் தந்தவர்கள் புத்தளத்து மக்கள். அந்தக் கடன் தீராதது. நிவாரண அட்டை, தண்ணீருக்கு வரிசை, மழைக்கு ஒழுகும் கூரை என்று பதினைந்து வருடத்துக்கு மேல் போனது. 2007இல் தொடங்கிய உலக வங்கி வீட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பல கொட்டில்கள் கல்வீடுகளாயின. இன்று தில்லையடியைப் பார்த்தால் முகாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளிவாசல், கடைகள், மாடி வீடுகள், வாசலில் ஓட்டோ. ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது: பின்னேரத்தில் பெண்களும் பிள்ளைகளும் போய் உட்கார ஒரு பூங்கா, ஒரு பொது முற்றம் இல்லை. வீடு கட்டித் தந்த திட்டங்களுக்கு இது அவசியமாகப் படவில்லை.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது உம்மாவும் வாப்பாவும் ஊர் பார்க்கப் போனார்கள். அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் எங்களுக்கு நடந்தது தவறு என்று புலிகளின் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் சொல்லியிருந்தார். உம்மாவும் வாப்பாவும் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அறைக்குள் மரம் வளர்ந்திருந்தது. வாப்பா அதற்குப் பிறகு போகவேயில்லை.

இப்போது அந்தக் குளக்கரையில் நிற்பது இந்திய அரசின் நன்கொடையில், 1 கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய மையம். 2015 மார்ச்சில் யாழ்ப்பாணம் வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நட்டார். கொழும்பைச் சேர்ந்த மதுர பிரேமதிலகவின் குழு வரைந்த கட்டடம். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு, இரண்டு தளத்தில் அருங்காட்சியகம், 11 மாடிக் கற்றல் கோபுரம். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது வெளியே விட்டிருக்கும் பொது முற்றம்தான். விழா நடந்தால் அது அரங்கு. நடக்காவிட்டால் ஆட்கள் வந்து போகிற வெளி. என் பிள்ளைகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நூலகமும் கோபுரமும் ஒரே படத்துக்குள் வரவேண்டும் என்று மகள் பின்னுக்குப் பின்னுக்குப் போனாள். யாரும் எங்களிடம் எந்த ஊர், என்ன அலுவல் என்று கேட்கவில்லை. கேட்காமல் விடுவது பெரிய காரியம். சொந்தக் காணிக்குள் காலடி வைக்கக்கூட உறுதி, கடிதம், கையொப்பம் என்று காட்டிக்கொண்டே இருந்த எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

2025 ஜனவரியில் இந்த மையத்துக்குத் திருவள்ளுவர் பெயரை வைத்தபோது யாழ்ப்பாணம் என்ற பெயர் விடுபட்டுப்போனது. ஊரார் கொதித்தார்கள், யாழ்ப்பாணமும் பெயரில் திரும்பிச் சேர்ந்தது. வள்ளுவரில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தங்கள் ஊர் தங்கள் கண்முன்னே பலகையிலிருந்து மறைவதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கொதிப்பை நான் முழு மனதோடு விளங்கிக்கொள்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் உம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். போரில் சிதைந்து, பிறகு திருத்தியெடுத்த பூங்கா. உம்மா தேடிய மரத்தைக் காணவில்லை. ஊஞ்சல் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அதுவே போதும் என்று ஒரு வாங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் பேரனோடு ஓர் அம்மா. வயது உம்மாவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

“நீங்கள் எவடம், அம்மா?”

“சோனகத் தெரு,” என்றார் உம்மா. முப்பது வருடத்துக்கு மேலாகத் தில்லையடியில் இருப்பவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஓ, ஐஞ்சு சந்தியடியோ? எங்கட அப்பா இரும்புச் சாமானெல்லாம் அங்கதான் வாங்குறவர்.”

பேச்சு கடைகளைச் சுற்றி, பள்ளிக்கூடங்களைச் சுற்றி, மெல்ல அந்த வருடத்துக்கு வந்தது. போகச் சொன்ன நாளை உம்மா சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஒக்டோபர் முப்பதோ? எங்களையும் அண்டைக்குத்தான் போகச் சொன்னவை. தொண்ணூற்றைஞ்சில. மழை. நாவற்குழிப் பாலத்தடியில விடியுமட்டும் நிண்டம்.”

1995 ஒக்டோபர் 30. இராணுவம் முன்னேறிவர, புலிகளின் அறிவிப்போடு வலிகாமத்துச் சனம் முழுக்க ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்த நாள். எங்களை அனுப்பி ஐந்து வருடம், நாள் பிசகாமல். இந்தத் திகதி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இரண்டையும் ஒரே வாங்கில் இரண்டு பெண்கள் சொல்லிக் கேட்டது அன்றுதான். எது பெரிது, யாருக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் நடந்தீர்கள், பிள்ளைக்குப் பாலுக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள், நாங்கள் வரவில்லை. அந்த வித்தியாசத்தை அந்த அம்மாதான் எடுத்துச் சொன்னார், உம்மா அல்ல.

மீள்குடியேற்றம் என்றால் எல்லோரும் காணியையும் வீட்டையும்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஒரு வீடு இருந்த துண்டுக் காணிக்கு இப்போது மூன்று நான்கு குடும்பம் உரித்து. அத்தனை பேரும் அங்கே திரும்ப வழியில்லை. தில்லையடியில் வேலையும் பள்ளிக்கூடமும் பிடித்துவிட்டவர்களில் பலர் திரும்பவும் மாட்டார்கள். அதனால் அவர்களுக்கு அந்த நகரத்தில் பங்கில்லை என்றாகிவிடக்கூடாது. குடியிருக்க இடமில்லாதவருக்கும் நகரத்தில் பங்கு இருக்கிறது என்று காட்ட நூலகமும், பூங்காவும், இந்த முற்றமும்தான் இருக்கின்றன.

ஆகவே வெளிப்படையாகவே கேட்கிறேன். ஒவ்வொரு ஒக்டோபர் 30உம் அந்தப் பொது முற்றத்தில் இரண்டு இடப்பெயர்வையும் சேர்த்து நினைவுகூர வேண்டும். 1990இல் போனவர்களும் 1995இல் போனவர்களும் தங்கள் தங்கள் வாயால் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அருங்காட்சியகத்தில் அந்த இரண்டு ஒக்டோபருக்கும் இடம் வேண்டும். வைக்கப் பொருள் இல்லை என்ற கவலை வேண்டாம். தில்லையடி வீடுகளில் பழுப்பேறிய நிவாரண அட்டைகள் இருக்கின்றன. இடுப்பில் செருகிக் காப்பாற்றிய பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஒஸ்மானியாவின் ரிப்போர்ட் புத்தகம் ஒன்று எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள் என்றால் மட்டும் கொடு, கையில் எடுத்துப் பார்க்கவிட்டால் கிழிந்துபோகும் என்றார்.