அலை மின்சாரம்: நூறு வாட்டிலிருந்து ஒரு மெகாவாட்டுக்குச் செல்லும் வழியில் யாருக்கு இடம்?

2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், 'சிந்துஜா-1' என்னும் கருவியைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் கடலில் நிறுவிச் சோதித்தனர். அது ஈன்ற மின்சாரம் 100 வாட்; ஒரு மின்விசிறிக்கும் ஓரிரு விளக்குகளுக்கும் போதுமான அளவு. மூன்று ஆண்டுகளில் 1 மெகாவாட் என்பது அன்று அறிவிக்கப்பட்ட இலக்கு. இது பத்தாயிரம் மடங்குப் பாய்ச்சல். அது யாருடைய பணத்தில், யாருடைய நிலத்தின் வழியே நிகழும் என்பது பொறியியல் மட்டுமே சார்ந்த கேள்வியன்று.

கருவி இயங்கும் விதம்

நடுவில் துளையுடைய மிதவை. அத்துளையின் ஊடே செல்லும் நீண்ட தண்டு. அலை எழும்போதும் தாழும்போதும் தண்டைச் சார்ந்து மிதவை மேலும் கீழும் நகர்கிறது. அந்த நகர்வு சுழற்சியாக மாற்றப்பட்டு மின்னாக்கியை இயக்குகிறது. கருவி அடித்துச் செல்லப்படாமல் நங்கூரச் சங்கிலிகள் பிடித்துக்கொள்கின்றன.

இம்முயற்சி புதிதன்று. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், மத்திய அரசின் நிதியில் சென்னை ஐஐடி உருவாக்கிய 150 கிலோவாட் நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கியது. அங்கே காங்கிரீட் அறைக்குள் ஏறி இறங்கும் நீர், காற்றை உந்தி விசைச்சுழலியைச் சுழற்றியது. பருவமழைக் காலத்தில் மிகுந்த மின்சாரம் பிற மாதங்களில் சுருங்கியது. ஆய்வுக்கு அது பெரிதும் உதவியது. ஆயினும் வணிக நிலையமாக வளரவில்லை.

வணிகமாவதன் இடர்

சோதனைக் கருவிக்கு ஆய்வு நிதி கிடைக்கும். இயங்கி மெய்ப்பிக்கப்பட்ட நிலையத்திற்கு வங்கிக் கடன் கிடைக்கும். இடைப்பட்ட காலத்திற்குப் பணம் தர எவரும் எளிதில் முன்வருவதில்லை. பல நிறுவனங்கள் மடிவது அங்கேதான். ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் 2008இல் போர்ச்சுகல் கடலில் 2.25 மெகாவாட் நிலையம் அமைத்து உலகின் கவனத்தை ஈர்த்தது. சில மாதங்களிலேயே அக்கருவிகள் கரைக்கு இழுத்துவரப்பட்டன. 2014இல் நிறுவனமே நொடித்தது. புயலும் உப்பரிப்பும் ஒருபுறம் என்றால், மறுபுறம் விலைப்போட்டி. 2017இலேயே ராஜஸ்தானில் சூரிய மின்சாரம் ஓர் அலகு 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது. அந்த விலையோடு தொடக்கநிலை அலை மின்சாரம் போட்டியிட இயலாது.

எனவே அரசு துணை நிற்காமல் இத்துறை வளராது. கடல்சார் ஆற்றலை 2019இல் மத்திய அரசு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக அறிவித்தது. மின்பகிர்மான நிறுவனங்கள் தம் கட்டாயக் கொள்முதல் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வழி பிறந்தது. பொதுப்பணம் நுழையும் இந்த இடத்தில்தான் சமூகநீதியின் கேள்வியும் நுழைகிறது.

அண்ணலின் மின் கொள்கை

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் அமைந்தது அக்காலத்தில்தான். மலிவான, தாராளமான மின்சாரம் இன்றித் தொழில்மயம் இல்லை. தொழில்மயம் இன்றி நிலமற்றோர் வறுமையிலிருந்து மீள வழியில்லை என்பது அவரது வாதம். மின்சாரம் அவருக்குச் சமூக விடுதலையின் கருவி.

இன்றைய நடைமுறை வேறு. பொதுக் கல்வி நிறுவனத்தில், பொது நிதியில் பிறக்கும் கண்டுபிடிப்பு தனியார் நிறுவனத்தின் சொத்தாக மாறலாம். மாறிய கணமே இடஒதுக்கீடு அங்கே முடிந்துவிடுகிறது. பங்குதாரர் பட்டியலிலும் பொறியாளர் பணியிடங்களிலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று கேட்கச் சட்டப்பிடி எதுவும் இல்லை.

கரையில் என்ன நிகழும்?

கடலில் விளையும் மின்சாரம் கரையேற வடமும் துணைமின் நிலையமும் வேண்டும். அவற்றுக்கு நிலம் வேண்டும். செய்யாற்றங்கரை மாகறல் கடலோர ஊரன்று. ஆனால் அவ்வூரை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட மக்கள் நிலை குறித்துத்தான் ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்கள் எவ்வாறு கைமாறின என்பதை நாம் அறிவோம். 1994இல் மாமல்லபுரம் அருகே காரணையில் நில மீட்புக்காக எழுந்த போராட்டத்தில், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிரிழந்தனர். 'பசுமைத் திட்டம்' என்னும் பெயர் அந்த வரலாற்றை அழித்துவிடாது. கருவிகளைச் சுற்றித் தடைசெய்யப்பட்ட கடற்பரப்பு உருவானால், மீனவர்களின் வாழ்வாதாரமும் கேள்விக்குள்ளாகும்.

நாம் கேட்க வேண்டியவை

அலை மின்சாரத்தை எதிர்ப்பது நமது நிலைப்பாடாக இருக்க இயலாது. நிலக்கரிப் புகையையும் சாம்பலையும் முதலில் சுமப்பவர்கள் எளிய மக்களே. தேவைப்படுவது பங்கு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுக் கொள்கை. அரசு நிதி பெறும் தனியார் அலை மின் நிறுவனங்களும் எஃகு, வடம், நங்கூரம் வாங்குகையில் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் போன்றவை இத்துறைக்குள்ளும் நீள வேண்டும். நிலம் தேர்வாகும் முன் பஞ்சமிப் பதிவேடுகள் சரிபார்க்கப்பட வேண்டும்.

துறை குழந்தைப் பருவத்தில் இருக்கும்போதே இவ்விதிகளை எழுதுவது எளிது. பங்குகள் பிரிக்கப்பட்டு, வடங்கள் புதைக்கப்பட்ட பின்னர் இழப்பீட்டுக்காக வழக்காடுவது மட்டுமே எஞ்சும்.