பாட்டு எழுதியவருக்குப் பணம், படிப்பவருக்கு அனுமதி: பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டும் சாத்தியமா?

காப்பிரைட் என்று பேச்சு வந்தாலே நாம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'உழைத்தவனுக்குக் காசு வேண்டாமா?' என்பது கலைஞர்கள் தரப்பு. 'அறிவைப் பூட்டி வைக்கலாமா?' என்பது கட்டற்ற அறிவுக்காகப் பேசுபவர்கள் தரப்பு. பரீட்சைக்கு முந்தைய நாள் பாடப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தபோது நீங்கள் இரண்டாவது தரப்பு. நீங்கள் எடுத்த போட்டோவை யாரோ பெயர்கூடப் போடாமல் சுட்டபோது முதல் தரப்பு!

இரண்டு தரப்பும் ஒரே பக்கம் நிற்க முடியுமா? இந்தியாவில் நின்றிருக்கிறார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

2012-ல் என்ன நடந்தது?

நம்முடைய பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டு எழுதினாலோ இசையமைத்தாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். எழுதியவருக்கு அன்று வாங்கிய சம்பளத்தோடு சரி.

2012 திருத்தம் இதை மாற்றியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காகத் தீவிரமாக வாதாடினார். தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர, மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அதை அவர்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. ஏன் இவ்வளவு கறார்? வாய்ப்பு தேடி வரும் புதியவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார் என்பதால்தான்.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் இருந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒரு புத்தகத்தை மாற்ற, பிரெய்ல் போன்ற சிறப்பு வடிவங்களுக்கு மட்டுமே விலக்கு தருவதாக முதலில் மசோதா இருந்தது. மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் விடவில்லை. ஆடியோ, கணினி படித்துக்காட்டும் கோப்பு என எந்த வடிவமானாலும், லாப நோக்கம் இல்லாவிட்டால் அனுமதி தேவையில்லை என்று சட்டம் மாறியது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான்.

ஆக, ஒரே சட்டம். கலைஞருக்கும் லாபம், வாசகருக்கும் லாபம்.

எழுதியவர்களே ஜெராக்ஸ் பக்கம் நின்றார்கள்

டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது 2012-ல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பல நூல்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்துப் பாடத்தொகுப்பாக விற்றது புகார். வழக்கில் சொல்லப்பட்ட நூல்களை எழுதியவர்களில் பலரே, 'வழக்கை வாபஸ் வாங்குங்கள்' என்று பதிப்பகங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2016-ல் உயர் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-ல் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. எழுதுபவரின் நலனும் உரிமையைக் கையில் வைத்திருப்பவரின் நலனும் எப்போதும் ஒன்றல்ல. 'கலைஞர்கள் பாதிக்கப்படுவார்கள்' என்று யாராவது சொன்னால், பேசுவது கலைஞரா, அவரிடம் உரிமையை வாங்கியவரா என்று முதலில் பாருங்கள்.

அப்போ சண்டையே இல்லையா?

இருக்கிறது. டெல்லி லோதி காலனியிலோ சென்னை கண்ணகி நகரிலோ உள்ள சுவரோவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையைப் படம் எடுத்து வெளியிடச் சட்டத்தில் விலக்கு உண்டு. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே சுவர் ஒரு சினிமாவில் வரலாம். அதற்கு விலக்கு இருக்கிறது!

விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா காமன்ஸ், வணிகப் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப்பட்ட படங்களையே ஏற்கும். ஓவியரின் பயமோ வேறு: 'என் ஓவியத்தை டி-ஷர்ட்டில் அடித்து விற்றால் எனக்கு என்ன கிடைக்கும்?' இரண்டு கேள்வியும் நியாயம்தான். ஓவியர் பெயரைக் கட்டாயமாக்கலாம், ஓவியத்தையே பொருளாக்கி விற்பதற்கு மட்டும் தனி அனுமதி கேட்கலாம். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதை இரு தரப்பும் பேசித்தான் தீர்க்க முடியும்.

தமிழ்நாடு காட்டிய மூன்றாவது வழியும் உண்டு. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-ல் அரசே வாங்கி, பின்னர் பொதுவில் விட்டது. அதன் தொடர்ச்சிதான் எழுத்தாளர்களின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து, நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கம். இல்லாவிட்டால் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சரி, இதில் உங்களுக்கு என்ன?

டிசைன், எழுத்து, இசை என்று ஏதாவது செய்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

• வேலையின் ஒரு பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் உங்கள் நிறுவனம்தான்.

• காசு வாங்கி ஒருவருக்காக எடுத்த போட்டோவின் உரிமை, தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் காசு கொடுத்தவருக்கே.

• உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'எல்லா நாட்டுக்கும், எல்லாக் காலத்துக்கும்' என்ற வரி இருந்தால் நிதானியுங்கள்.

• பகிரவும் வேண்டும், பெயரும் நிற்க வேண்டுமா? கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறது. உரிமை உங்களிடமே இருக்கும். எதற்கு அனுமதி என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது, அதனால் யோசித்துக் கொடுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் நம் எழுத்தையும் பாட்டையும் படத்தையும் பயிற்சிக்குப் பயன்படுத்துவது பெரிய விவாதமாகியிருக்கிறது. 'மொத்தமாகத் தடை செய்' என்று கலைஞர்களும், 'மொத்தமாகத் திறந்துவிடு' என்று மற்றவர்களும் தனித்தனியாகக் கத்தினால், நடுவில் இருக்கும் பெரிய நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளும். 2012-ல் பாடலாசிரியரின் கோரிக்கையும் பார்வையற்ற வாசகரின் கோரிக்கையும் ஒரே மசோதாவில் ஜெயித்தன. அடுத்த திருத்தத்திலும் அது நடக்க, இரு தரப்பும் இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.