பேகம் மாளிகை கடைவீதியான கதை

புது தில்லி: சாந்தினி சவுக்கில் மின்விளக்கு வாங்கச் செல்வோர் பலர், கடைப் பலகைகளுக்கு மேலே தெரியும் உயர்ந்த தூண்களைக் கவனிப்பதில்லை. அவை ஓர் அரசியின் மாளிகையைச் சேர்ந்தவை.

மீரட் அருகேயுள்ள சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரூ, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை இது. முகப்பில் கிரேக்க பாணித் தூண்கள். கோடை வெப்பத்துக்கு ஒதுங்க நிலவறை. சுற்றிலும் தோட்டம் என ஐரோப்பிய, இந்தியக் கட்டடக் கலைகள் இதில் இணைந்திருந்தன.

1836-ல் பேகம் மறைந்ததும் மாளிகை அவரது வாரிசான டைஸ் சோம்பர் வசமானது. 1847-ல் தில்லி வங்கி இதை வாங்கியது. 1857 கிளர்ச்சியின்போது வங்கி மேலாளர் பெரஸ்ஃபோர்ட் குடும்பத்துடன் இங்கு கொல்லப்பட்டார். பிற்காலத்தில் லாயிட்ஸ் வங்கியிடம் இருந்த மாளிகையை 1940-ல் லாலா பகீரத் மல் வாங்கினார். அவர் பெயராலேயே இது 'பகீரத் பேலஸ்' ஆனது.

தோட்டம் இருந்த இடமெங்கும் இன்று மின்பொருள் கடைகள். 2022 நவம்பரில் இச்சந்தையில் பற்றிய தீ, பல கடைகளை அழித்து நாள்கணக்கில் எரிந்தது. குறுகிய சந்துகளும் தொங்கும் கம்பிகளும் தீயணைப்புப் பணிக்குத் தடையாயின. அத்தகைய கம்பிகளுக்கும் கடைகளுக்கும் இடையேதான் பேகத்தின் மாளிகையும் நிற்கிறது. கைகள் பல மாறிய இம்மாளிகையைக் காக்கும் பொறுப்பை இனியேனும் உரியவர்கள் ஏற்க வேண்டும்.